கிளெண்டா சாரி சொல்லாத செவ்வாய்க்கிழமை

கிளெண்டா ஆர்மராட் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கால் பார்ப்பாள். அடுப்பிலிருந்து ரொட்டி வேகும் வாசனை வந்தால் அவளுக்கு உடனே உறுத்தும். வீட்டை விற்கிறவன் இன்றைக்குப் பார்த்து எதற்காக ரொட்டி சுடுகிறான்? எந்த நாற்றத்தை மறைக்கிறான்? புதிதாகச் சுண்ணாம்பு அடித்த மூலையைக் கண்டால் அங்கேயே குந்தி உட்கார்ந்து விரலால் தடவுவாள். சுவரை ஒட்டிப் பெரிய அலமாரி நின்றால் அதை நகர்த்தச் சொல்லுவாள். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு கோலிக்குண்டு இருக்கும். அதைத் தரையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். குண்டு உருண்டு ஓடினால் அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். ஓடாவிட்டால் குண்டின் மேலேயே சந்தேகம் வரும்.

அதுதான் அவள் பிழைப்பு. வடக்கு இங்கிலாந்தில் டாட்மார்டனிலும் சுற்றியுள்ள பள்ளத்தாக்கு ஊர்களிலும் யாராவது வீடு வாங்கப் போகும்போது, அதற்கு முன் கூரை ஓட்டிலிருந்து சாக்கடை மூடி வரை பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்பாள். இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாம் பழைய ஆலைத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய கல் வீடுகள். நூற்றைம்பது வருஷமாக மழையைக் குடித்தவை. சந்தேகப்படுகிறவளுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

பதினேழு வயதில், இதே போல வீடு பார்த்துச் சொல்லும் ஓர் ஆய்வாளரின் அலுவலகத்தில் தட்டச்சு செய்ய வந்தவள் அவள். பதினொரு வருஷம் முதலாளி சொல்லச் சொல்ல அடித்துக் கொடுத்தாள். ஒரு நாள் ஒரு வீட்டின் கூரை நன்றாக இருக்கிறது என்று முதலாளி சொன்னார். அந்த வீடு அவள் தினமும் நடந்து வரும் வழியில் இருந்தது. கூரையில் நாலு ஓடு இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சொன்னாள். "நீ டைப் அடி கண்ணு," என்றார் அவர். அன்றைக்கு அவர் மேல் போன நம்பிக்கை, மனிதர்கள் எல்லார் மேலும் சேர்ந்தே போய்விட்டது. ஹடர்ஸ்ஃபீல்ட் கல்லூரியில் வாரத்துக்கு ஒரு நாள் என்று ஆறு வருஷம் படித்து, தன் பெயரிலேயே ஒரு பலகை மாட்டினாள். முடிதிருத்தும் கடைக்கு மேலே ஒற்றை அறை. பலகை மாட்டிப் பத்தொன்பது வருஷம் ஆயிற்று.

கணவன் பெர்னி பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். "என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி காதுக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்தவ இவ," என்று மதுக்கடையில் சொல்லிச் சிரிப்பான். "உள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சப்புறம்தான் சரின்னா."

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கிளெண்டாவும் ஊரைப் போலத்தான் இருந்தாள். இந்த ஊரில் ஒருவன் உங்கள் காலை மிதித்தால் நீங்கள் சாரி சொல்ல வேண்டும். கடையில் பால் பாட்டிலை எடுக்கக் கை நீட்டினால் சாரி. நீட்டாமல் யோசித்துக்கொண்டு நின்றாலும் சாரி. நாயிடம் சொல்வார்கள், கதவில் இடித்துக்கொண்டால் கதவிடம் சொல்வார்கள். யாரும் யோசித்துச் சொல்வதில்லை. மூச்சு விடுவது போல அது வரும்.

கிளெண்டாவுக்கு அந்த மூச்சு அடைத்துப்போனது ஒன்பது வருஷத்துக்கு முன்பு, ஹாலிஃபாக்ஸில் ஒரு ஓட்டலில். அவளுடைய தொழில் பொறுப்புக் காப்பீட்டைப் பார்த்துக்கொள்ளும் தரகர் ட்ரெவர், தன் வாடிக்கையாளர்களை எல்லாம் கூட்டி ஒரு காலை நேர வகுப்பு நடத்தினார். இந்தக் காப்பீடு இல்லாமல் அவள் தொழில் செய்ய முடியாது. அவள் ஒரு வீட்டைத் தப்பாகப் பார்த்து, அதை நம்பி வாங்கியவர் நஷ்டப்பட்டால், நஷ்ட ஈட்டைக் காப்பீட்டுக் கம்பெனி கொடுக்கும். கொடுப்பதற்கு நிபந்தனைகள் உண்டு. அன்றைக்கு ட்ரெவர் ஒரு நிபந்தனையைத் திரையில் காட்டினார். கம்பெனியைக் கேட்காமல் எந்தத் தப்பையும் ஒத்துக்கொள்ளக் கூடாது. பிறகு வில்ஃப் என்பவரின் கதையைச் சொன்னார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் இதே தொழில் செய்தவர். ஒரு வீட்டில் ஈரத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டார். பூங்கொத்தோடு போய் சாரி சொன்னார். கம்பெனி கையை விரித்துவிட்டது. வில்ஃப் வீட்டை விற்றார். இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார்.

கிளெண்டா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்துக்குத் திரும்பியதும் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் "சாரி சொல்லாதே" என்று எழுதித் தொலைபேசிக்கு மேலே ஒட்டினாள். நாயிடமும் கதவிடமும் சொல்வதை அவளால் நிறுத்த முடியவில்லை. ஆனால் வாடிக்கையாளர் என்றால் அந்த வார்த்தை தொண்டைக்கு வருவதற்கு முன்பே விழுங்கக் கற்றுக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் ஒரு புகாரும் வரவில்லை. அதனால் அவள் விழுங்குவது மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று சொல்லவும் ஆள் இல்லை.

ஜனவரி கடைசிச் செவ்வாய்க்கிழமை காலையில் தொலைபேசி அடித்தது.

"கிளெண்டாவா? ஷெரில் பேசறேன் கண்ணு. ஆல்டர் தெரு பதினேழாம் நம்பர். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு வீடு பார்த்துக் குடுத்தீங்களே. சாரி, வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன்."

கிளெண்டாவுக்கு ஞாபகம் இருந்தது. பள்ளிச் சமையலறையில் வேலை பார்க்கும் ஷெரில். விவாகரத்துக்குப் பிறகு கையில் இருந்ததையெல்லாம் அந்த வீட்டில் போட்டவள்.

"சொல்லுங்க."

"பின்னாடி படுக்கையறையில ஒரு விரிசல். போன வாரம் ஒரு பேங்க் கார்டு நுழையற அளவுக்கு இருந்துச்சு. இன்னைக்கு என் விரலே போகுது. காலையில எழுந்து பல் விளக்கிட்டு வர்றேன், காரை பெயர்ந்து தலையணை மேல கிடக்கு. சாரி, உங்களை ஏன் கூப்பிட்டேன்னா, இந்த வீட்டை மேல கீழ முழுசாப் பார்த்தவங்க நீங்க ஒருத்தர்தான். சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

"வர்றேன்," என்று சொல்லி வைத்தாள். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

சும்மா ஒரு எட்டு. சும்மா யார் கூப்பிடுவார்கள்? யாராவது வக்கீல் சொல்லிக் கொடுத்திருப்பானோ? மேஜையில் அவளுக்கு எதிரே ஒரு படிவம் கிடந்தது. காப்பீட்டைப் புதுப்பிக்கும் படிவம். வெள்ளிக்கிழமைக்குள் ட்ரெவருக்குப் போக வேண்டும். நான்காம் பக்கத்தில் ஒரு கேள்வி: பின்னால் உங்கள் மேல் நஷ்ட ஈட்டுக் கோரிக்கையாக வரக்கூடிய விஷயம் ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? பத்தொன்பது வருஷமாக அவள் "இல்லை" என்ற கட்டத்தில் பேனாவைத் தொட்டு எடுப்பாள். ஒரு நொடி வேலை.

இப்போது இரண்டு பக்கமும் பள்ளம். "ஆம்" என்று எழுதினால் கம்பெனி அவளை வேண்டாம் என்று சொல்லலாம். காப்பீடு போனால் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். "இல்லை" என்று எழுதி, பிறகு ஷெரில் வழக்குப் போட்டால், தெரிந்தே மறைத்தாய் என்று கம்பெனி விலகிக்கொள்ளும். பலகையில் இருப்பது கம்பெனிப் பெயர் இல்லை, அவளுடைய சொந்தப் பெயர்; நஷ்ட ஈடு அவள் கையிலிருந்துதான் போக வேண்டும். அப்படியானால் மேட்டுத் தெருவில் அவளும் பெர்னியும் முப்பது வருஷம் கடன் கட்டி அடைத்த வீடு போகும்.

மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது பெர்னி முட்டையும் உருளை வறுவலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ட்ரெவருக்கு ஃபோன் பண்ணு," என்றான்.

"ட்ரெவர் யாரோட ஆளு?"

"உன் ஆளு. நீதானே தேடிப் பிடிச்சே?"

"கமிஷன் குடுக்கறது கம்பெனி. போன வருஷம் அந்தக் கேள்வியை ரெண்டு தடவை கேட்டான் பெர்னி. ஒண்ணும் இல்லையே கிளெண்டா, நிச்சயமா ஒண்ணும் இல்லையேன்னு. ஒரு தடவை கேட்டா ஆகாதா? யாரோ அவனைக் கேக்கச் சொல்லியிருக்காங்க."

"நான் பஸ் ஓட்டினப்ப எல்லாரும் இறங்கியாச்சான்னு ரெண்டு தடவை கேப்பேன். என்னை யாரு கேக்கச் சொன்னாங்க?"

"அது வேற."

"எல்லாமே உனக்கு வேறதான். அந்த வறுவலைச் சாப்பிடு. அதுக்கு அடியில ஈரம் எதுவும் இல்ல, நான் பார்த்துட்டேன்."

மூன்று மணிக்கு மழையில் ஆல்டர் தெருவுக்குப் போனாள். நேராக வாசலுக்குப் போகவில்லை. பின்சந்தில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நின்று கூரையை அண்ணாந்து பார்த்தாள். புகைபோக்கி நேராகத்தான் நின்றது. நேராக நிற்பது போலத் தெரிந்தது. மாடியில் திரைச்சீலை அசைந்தது. ஷெரில் அவளைப் பார்த்துவிட்டாள்.

"முன்பக்கமாவே வந்திருக்கலாமே," என்று கதவைத் திறந்தபடி ஷெரில் சொன்னாள். "சாரி, வீடு அலங்கோலமாக் கிடக்கு. ஈரக் கோட்டை அங்க மாட்டுங்க. டீ போட்டிருக்கேன், இஞ்சி கேக்கும் இருக்கு."

இஞ்சி கேக் எதற்கு, என்று கிளெண்டா நினைத்தாள். சமையலறை மேஜையில் ஷெரிலின் ஃபோன் குப்புறக் கிடந்தது. குப்புற ஏன் வைக்கிறாள்?

மாடிக்குப் போனார்கள். பின் படுக்கையறையில் சுவரிலிருந்து ஒரு முழம் முன்னால் துருத்திக்கொண்டு, தரை முதல் கூரை வரை போகும் கல் அடுக்கு ஒன்று இருந்தது. கணப்பிலிருந்து புகையை மேலே கொண்டுபோகும் பழைய சுவர். அதற்கும் பக்கச் சுவருக்கும் நடுவே விரிசல் ஓடியது. காரை பிதுங்கியிருந்தது. கட்டில் அதற்கு நேர் கீழே.

கிளெண்டா கோலிக்குண்டை எடுக்கவில்லை. எடுக்கத் தேவையில்லை. இதற்கு நேர் கீழே உள்ள சமையலறையில் இப்படித் துருத்தும் சுவர் இல்லை. இப்போதுதானே அங்கே நின்றுவிட்டு வந்தாள். பழைய சொந்தக்காரன் சமையலறையைப் பெரிதாக்க அடிப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டான். மேலே உள்ள கல் முழுவதும், கூரைக்கு மேல் நிற்கும் புகைபோக்கி வரை, ஒரு பழைய மர உத்தரத்தை நம்பித் தொங்கிக்கொண்டிருக்கிறது. இதை இரண்டு வருஷத்துக்கு முன் தான் பார்த்தோமா? எழுதினோமா? எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

"நீங்க அன்னைக்குப் பார்த்தப்பவே இது இருந்துச்சா?" என்று ஷெரில் கேட்டாள். கேட்ட குரலில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் கிளெண்டாவின் காதில் அது வக்கீலின் கேள்வியாக விழுந்தது.

"நீங்க சொன்னதைக் குறிச்சுக்கிட்டேன்."

"நான் சொல்லலியே. கேட்டேன்."

"அதையும் குறிச்சுக்கிட்டேன்."

கீழே வந்து உட்கார்ந்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஷெரில் கேக்கை வெட்டி நீட்டினாள். கிளெண்டா எடுக்கவில்லை.

"படுக்கவே பயமா இருக்கு," என்றாள் ஷெரில். "உள்ளுக்குள்ள மணல் கொட்டற மாதிரி ஒரு சத்தம். இந்த வீடு ஒண்ணுதான் எனக்குன்னு இருக்கு கிளெண்டா."

அந்த வார்த்தை தொண்டை வரை வந்தது. கிளெண்டா விழுங்கினாள். அதற்குப் பதிலாக வாயில் வந்தது வேறொன்று.

"அந்த ஃபோன்ல பதிவு பண்றீங்களா?"

"என்னது?"

"குப்புற வெச்சிருக்கீங்களே."

ஷெரில் மெதுவாக ஃபோனைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். திரையில் இரண்டு கட்டட மேஸ்திரிகளின் பெயர்கள் இருந்தன. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"இந்த ரெண்டு பேருல யாரு நல்லவங்கன்னு கேக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்," என்றாள். அவள் முகம் சிவந்துவிட்டது. "நேத்து தபால்காரர் கிட்ட இதைச் சொன்னேன். ஐயோ சாரி ஷெரில்னாரு. அவரா வந்து சுவரை இடிச்சாரு? பக்கத்து வீட்டுக்காரர் சாரின்னாரு. சாயங்காலம் மீன் கடைக்காரரு, பாவம், ரெண்டு தடவை சாரின்னு ஒரு துண்டு சேர்த்துப் போட்டாரு. நீங்க வந்து அரை மணி நேரம் ஆச்சு. சந்துல ஒளிஞ்சு நின்னு பாக்கறீங்க, டீயைத் தொடலை, என் தலையணை மேல காரை விழுந்திருக்கு, உங்க வாயில இருந்து அந்த ஒரு வார்த்தை வரலை. நான் ஒண்ணும் நினைக்காமதான் இருந்தேன் கிளெண்டா. இப்பதான் எனக்கே தோணுது. நீங்க எதையோ மறைக்கறீங்க."

கிளெண்டா எழுந்து கோட்டை மாட்டினாள். வாசலில் கால் வைத்த பிறகு, அவளையும் மீறி, "அந்த ரூம்ல படுக்காதீங்க," என்றாள்.

"ஏன்?"

பதில் சொல்லாமல் மழையில் இறங்கினாள். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சங்கிலி மாட்டும் சத்தம்.

அலுவலகத்தில் ஆல்டர் தெருக் கோப்பை எடுத்தாள். அறுபத்தொரு பக்கம். கிளெண்டாவின் அறிக்கை என்றாலே அப்படித்தான். மற்றவர்கள் முப்பது பக்கத்தில் முடிப்பார்கள். ஒவ்வொரு விஷயத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் வைப்பது வழக்கம். எதையும் நம்பாத அவள் எதற்கும் பச்சை வைப்பதில்லை. சிவப்பு வைத்தால் விற்கிறவன் சண்டைக்கு வருவான். அதனால் எல்லாம் மஞ்சள். இந்த ஒரு வீட்டில் மட்டும் முப்பத்தொரு மஞ்சள்.

முப்பத்தெட்டாம் பக்கத்தில் அது இருந்தது. தோட்டக் கதவின் கீல் துருப்பிடித்திருக்கலாம் என்பதற்கும், குளியலறைக் குழாய் சொட்டக்கூடும் என்பதற்கும் நடுவே: "தரைத்தளத்தில் கணப்புச் சுவர் அகற்றப்பட்டிருக்கக் கூடும். மேலே உள்ள பகுதிக்குத் தாங்கல் இருக்கிறதா என்பதைப் பொறியாளர் ஒருவர் மூலம் சரிபார்ப்பது நல்லதாக இருக்கலாம்." மஞ்சள்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. எழுதியிருக்கிறேன்! பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள். ஷெரில் வேலை முடிந்து வந்து, கால் வலியோடு உட்கார்ந்து, இந்த அறுபத்தொரு பக்கத்தைப் புரட்டுவதை நினைத்துப் பார்த்தாள். கீல், சுவர், குழாய். எல்லாவற்றுக்கும் ஒரே குரல், ஒரே நிறம். தலைக்கு மேல் தொங்கும் கல்லும் சொட்டும் குழாயும் ஒன்றா? எழுதியிருக்கிறாள்தான். யார் கண்ணிலும் படாதபடி எழுதியிருக்கிறாள்.

வியாழக்கிழமை ஷெரிலிடமிருந்து இரண்டு வரி மின்னஞ்சல் வந்தது. உங்கள் மேல் புகார் கொடுக்க என்ன செய்ய வேண்டும் என்று தெரிவிக்கவும். கீழே பெயர். வழக்கமாக எல்லாரும் போடும் சாரி எங்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கிளெண்டா படிவத்தை விரித்து வைத்தாள். முப்பத்தெட்டாம் பக்கம் இருக்கிறதே. எழுதிவிட்ட பிறகு என் மேல் என்ன தப்பு? தப்பு இல்லை என்றால் கோரிக்கை எப்படி வரும்? அப்படியானால் "இல்லை" என்று எழுதுவது பொய்யா? பேனா கட்டத்துக்கு மேலே வந்து நின்றது.

அவள் கை நின்றதற்குக் காரணம் நல்ல மனசு என்று சொல்ல முடியாது. தொழில் பழக்கம்தான். வீடு விற்கிறவர்களும் இப்படி ஒரு படிவம் நிரப்புவார்கள். உங்கள் வீட்டைப் பற்றித் தகராறு ஏதாவது உண்டா? இல்லை. அந்த "இல்லை"களை அவள் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். மின்னஞ்சல் வந்த மறுநாள் ஒருவன் "இல்லை" என்று எழுதியிருந்தால் நான் அவனைப் பற்றி என்ன எழுதுவேன்? யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவள் வாழ்க்கையில் சந்தேகமே இல்லாமல் வைக்கும் ஒரு சிவப்பு அதுவாகத்தான் இருக்கும்.

"ஆம்" கட்டத்தில் குறி போட்டாள். ட்ரெவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

மறுமுனையில் ட்ரெவர் பெருமூச்சு விட்டார். "அப்பாடா. ஒரு வழியா வந்துச்சு."

"என்ன அப்பாடா?"

"பத்தொன்பது வருஷம் கிளெண்டா! இந்தப் பள்ளத்தாக்குல, இந்த ஈரத்துல, ஒரு தடவை கூட ஒண்ணுமே இல்லைன்னா யாரு நம்புவா? கம்பெனிக்காரங்க உங்க பேரைப் பார்த்தாலே என்னை நோண்டறாங்க. ஒண்ணு இந்தம்மா தேவதையா இருக்கணும், இல்ல எதையோ அமுக்கறாங்கன்னு. அதான் போன வருஷம் ரெண்டு தடவை கேட்டேன்."

"என்னைச் சந்தேகப்பட்டாங்களா?" கிளெண்டாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

"உங்களுக்கு அது கஷ்டமாத்தான் இருக்கும்," என்றார் ட்ரெவர், குரலில் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "இன்னைக்குச் சொன்னீங்க, இந்த வருஷப் பாலிசியிலயே இது உக்காந்துக்கும். மதியத்துக்குள்ள எழுத்துல வாங்கித் தர்றேன். பிரீமியம் ஏறும், அதை மறைக்க மாட்டேன். ஆனா உங்களைக் கைவிட மாட்டாங்க. இல்லைன்னு எழுதி அனுப்பிட்டுத் திங்கக்கிழமை சொல்லியிருந்தா என்னால ஒரு மண்ணும் பண்ண முடியாது."

"நான் சாரி கூடச் சொல்லலை ட்ரெவர். வில்ஃப் மாதிரி மாட்டிக்கலை."

"வில்ஃபா? சாரி சொன்னதுக்கா அவர் மாட்டினாரு? முழுத் தப்பும் என்னோடதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, தானே ஆள் வெச்சு சுவரை உடைச்சு, மூணு மாசம் கழிச்சுத்தானே எங்களுக்குச் சொன்னாரு. படம் போட்டு விளக்கினேனே, ஹாலிஃபாக்ஸ்ல."

"நான் அங்கதான் இருந்தேன்."

"இருந்தீங்க. படம் ஓடினப்ப நீங்க எழுந்து போய் ஓட்டல் ஜன்னலுக்குக் கீழ பூஞ்சை இருக்கான்னு தடவிட்டிருந்தீங்க. மேனேஜர் என்கிட்ட வந்து யாரு அந்தம்மான்னு கேட்டாரு."

பூஞ்சை இருந்தது, அது கிளெண்டாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கதையின் பாதிதான் ஞாபகத்தில் இல்லை.

மதியம் கம்பெனியின் வக்கீல் லீட்ஸிலிருந்து கூப்பிட்டாள். ஃபர்சானா என்று பெயர். குரலை வைத்துப் பார்த்தால் முப்பது வயது இருக்கலாம். வணக்கம் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி கிளெண்டாவைப் பற்றியதில்லை.

"அந்த ரூம்ல இப்ப யாராவது படுக்கறாங்களா?"

"படுக்காதீங்கன்னு சொல்லிட்டு வந்தேன். ஏன்னு சொல்லலை."

"சரி. நாளைக்கே அந்தக் கல்லைத் தாங்க இரும்பு முட்டு குடுக்க ஆள் அனுப்பலாம். கம்பெனி சம்மதம் நான் வாங்கறேன். முட்டு குடுக்கறது தப்பை ஒத்துக்கறதா ஆகாதுன்னு அவங்களுக்கும் ஒரு கடிதம் போயிடும். உங்க முப்பத்தெட்டாம் பக்கத்தைப் படிச்சேன். அது ஒரு குடைதான், ஆனா ஓட்டை நிறைய. ஒருவேளை செலவு பாதிக்குப் பாதின்னு முடியும். அது என் வேலை. யாரு தப்புன்னு மட்டும் நீங்க பேசாதீங்க."

"சாரி சொல்லலாமா?"

"நீங்க இன்னும் சொல்லலையா?" என்றாள் ஃபர்சானா. "அவங்க சிரமத்துக்கு வருத்தப்படறது தப்பை ஒத்துக்கறது இல்லைங்க. சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. சாரி சொன்னவங்க எல்லாம் குற்றவாளின்னா இந்த நாட்டுல வெளியில யாரு இருப்பா? எனக்கே ஆயுள் தண்டனைதான்."

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. முட்டுகளை ஏற்றிய வண்டி ஆல்டர் தெருவில் வந்து நின்றது. இந்தத் தடவை கிளெண்டா முன்வாசலுக்கு நடந்து போய்க் கதவைத் தட்டினாள். சங்கிலி நீளம் மட்டும் கதவு திறந்தது. இடுக்கில் ஷெரிலின் ஒரு கண் தெரிந்தது.

"சாரி ஷெரில்," என்றாள் கிளெண்டா. ஒன்பது வருஷம் விழுங்கிய வார்த்தை, வெளியே வரும்போது அவளுக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது. "உங்களுக்கு வந்த கஷ்டத்துக்கு ரொம்ப சாரி."

அந்த ஒற்றைக் கண் அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்தது. கிளெண்டாவுக்கு அந்தப் பார்வை தெரியும். புதுச் சுண்ணாம்பு அடித்த மூலையை அவள் பார்க்கும் பார்வை அது.

"இதைச் சொல்லச் சொல்லி யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "லீட்ஸ்ல ஒரு வக்கீல்," என்றாள் கிளெண்டா. "சொல்லலாம்னு சொன்னாங்க. செவ்வாய்க்கிழமையே தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொன்னா என் வீடு போயிடும்னு நினைச்சேன்."

ஷெரிலின் கண் தெருவில் நின்ற வண்டிக்குப் போய்த் திரும்பியது. வண்டியில் இருந்த ஆட்கள் முட்டுகளை இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள்.

"அதுல எவ்வளவு உண்மைன்னு எனக்குத் தெரியலை," என்றாள் கடைசியில்.

"தெரியாது. நானா இருந்தாலும் நம்ப மாட்டேன்."

சங்கிலி கழன்றது. "ஷூவைத் துடைச்சுட்டு வாங்க."

ஆட்கள் முதலில் விரிசலைப் பார்க்க மாடி ஏறினார்கள். சமையலறை மேஜையில் இன்றைக்குக் கேக் இல்லை. ஷெரில் தன் ஃபோனை எடுத்து, சிவப்பு விளக்கு எரிவது கிளெண்டாவுக்குத் தெரியும்படி, நடு மேஜையில் நிமிர்த்தி வைத்தாள்.

"இப்பப் பதிவு பண்றேன். சொல்லிட்டேன்."

"நல்லது," என்றாள் கிளெண்டா. தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தில் விரித்து, மேலே தேதியையும் மணியையும் எழுதினாள். "இப்பக் கேளுங்க. அந்த ரூம்ல ஏன் படுக்கக் கூடாதுன்னு அன்னைக்குக் கேட்டீங்களே, அதுல இருந்து."